இலவச போனின் முழு விலை

ஆசிரியருக்கு,

மாதாந்த ஒப்பந்தத்துடன் கைத்தொலைபேசி இலவசமாகக் கொடுக்கப்படுவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த செய்தியை வாசித்தேன். வாங்கியவர்களின் மகிழ்ச்சி அதில் இருந்தது. ஒப்பந்தம் முடியும்வரை அவர்கள் கட்டப்போகும் மொத்தத் தொகை எங்குமே இல்லை. போனின் விலையை மாதக் கட்டணத்துக்குள் பிரித்துப் போட்டு வசூலிப்பதுதான் இந்த வியாபாரம். மகளின் நச்சரிப்பில் நானும் அப்படி ஒன்று எடுத்தவன். மாதம் 3,490 ரூபா, 24 மாதம். ஆக 83,760 ரூபா. அதே போன் கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் 38,000 ரூபாவுக்குக் கிடந்தது. எங்கள் பாவனைக்கு மாதம் 1,200 ரூபா பக்கேஜ் தாராளம். தனித்தனியே எடுத்திருந்தால் 66,800 ரூபாவோடு முடிந்திருக்கும். 16,960 ரூபா கூடக் கொடுத்து வாங்கிய ‘இலவசம்’! சரி, அதுகூடப் போகட்டும். பத்தாம் மாதம் போன் கிணற்றுக்கட்டில் விழுந்து திரை நொறுங்கியது. மிச்சம் 14 மாதமும் பில் மட்டும் தவறாமல் வந்தது. இடையில் விலகினால் மீதியை ஒரேயடியாகக் கட்ட வேண்டுமாம். அந்த நிபந்தனை நான் கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் கிடந்தது.

கையெழுத்துப் போட்டபின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து அலைவதைவிட, முன்கூட்டியே தடுப்பது மேல். மொத்தத் தொகை, விலகல் கட்டணம், போனின் தனி விலை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டுமென தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கட்டாயமாக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.