பெயர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்

சிவமயம்

பள்ளத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு உமையாளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இரண்டாம் கட்டில் ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செய்து டப்பாவில் அடைத்துவிட்டேன், நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். கண்ணுக்கு மருந்து விடுகிறாயா? டாக்டர் சொன்னபடி அவ்வப்போது எழுந்து போய்த் தூரத்தில் பார்க்க வேண்டும். திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே.

போனில் பேசினால் "ம்" என்கிறாய். ஐந்து ஞாயிறாக அதுவும் இல்லை, கட்டைவிரல் படம்தான் வருகிறது. சரி, வேலை இருக்கும். எழுதினால் நினைத்ததை முழுதாகச் சொல்லி முடிக்கலாமே என்று உட்கார்ந்தேன்.

நேற்று அம்மானோடு காரைக்குடிக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நீ ஒன்றரை வருஷம் ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்தாயே, அது. ஆற்றுச் சண்டை வந்தபோது எனக்குக் கதை மனதில் ஏறவில்லை. கதாநாயகன் தலைமுடியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பின்னால் சீறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. நொடிக்கு 24 படம், ஒவ்வொன்றிலும் ஆளைச் சுற்றிக் கோடு போட்டுப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்று ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது வளவில் உட்கார்ந்து லேப்டாப்பில் காட்டினாய். அன்றையிலிருந்து எந்தப் படம் பார்த்தாலும் என் கண் ஓரத்துக்குத்தான் போகிறது. சுத்தமாக இருந்தது கண்ணு. ஒரு இடத்தில்கூடப் பிசிறு இல்லை.

படம் முடிந்ததும் அம்மான் எழுந்தார், நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அதற்குள் லைட்டைப் போட்டுவிட்டார்கள், எழுத்தெல்லாம் வெளிறிப்போனது. துடைப்பத்தோடு வந்த அம்மா எங்கள் வரிசையை விட்டுவிட்டு முன்னாலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். கிராபிக்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒவ்வொன்றின் கீழும் நான்கு பத்திப் பெயர்கள். இடப்பக்கம் இரண்டு பத்தி அம்மானுக்கு, வலப்பக்கம் இரண்டு பத்தி எனக்கு, எப்போதும் போலத்தான். உன் பெயர் வரவில்லை. உன்னோடு தங்கியிருந்த அந்தத் தெலுங்குப் பெண்ணின் பெயரும் வரவில்லை. உன் கம்பெனி பெயரே வந்ததா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் வழியெல்லாம் தகராறு. அவர் வந்தது என்கிறார். நான் வரவில்லை என்கிறேன்.

எத்தனை பேரைப் போடலாம் என்று கம்பெனிக்கு ஒரு கணக்குக் கொடுப்பார்கள், எல்லாருக்கும் இடம் கிடைக்காது என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். அதனால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேப்பர் தினமும் படிக்கிறேன், நீ இருக்கிற பெங்களூர்ச் செய்தியும் விடாமல் படிக்கிறேன். அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலையில் சேர்ந்து ஐந்து வருஷம் கழித்து, 2017-இல்தான் முதல் தடவை உன் பெயர் வந்தது. நாலு நொடி இருக்குமா? அதற்காக அந்தப் படத்துக்கு நான்கு தடவை போனேன். நான்காவது தடவை அம்மான் போனில் எடுத்த போட்டோவை பிரிண்ட் போட்டுப் பெட்டகக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கலங்கல்தான். முதல் நான்கு எழுத்துதான் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். இப்போது வீட்டு டிவியில் பார்ப்பதில் ஒரு தொல்லை, பெயர் ஓட ஆரம்பித்ததுமே படம் சுருங்கி மூலைக்குப் போய்விடுகிறது, அடுத்தது தொடங்கப்போகிறது என்று ஒன்று ஓடுகிறது. அதற்குள் ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினால் பெயர்கள் திரும்பவும் பெரிதாக வரும் என்று கற்றுக்கொண்டுவிட்டேன்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று அப்பா கேட்கிறார். உனக்குத் தெரியும். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது எனக்குப் பத்து வயது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். அம்மான் வாங்கிவந்து படித்து, அவர் கூட்டாளிகள் படித்து, அட்டை கிழிந்தபிறகு என் கைக்கு வரும். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து படிப்பேன். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மறைகிற வித்தைதான் பிடித்தது. எனக்கு நிழல். ஒரு சந்தில் பாதிச் சுவர் வெளிச்சமாக இருக்கும், மீதி கன்னங்கரேலென்று இருக்கும், அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஐந்து விரல் நீளும். முகம் இல்லை, உடம்பு இல்லை, அந்த விரல்கள் கோபமாக இருக்கின்றனவா பயந்திருக்கின்றனவா என்று எனக்குத் தெரியும். இப்படிப் போடுகிற மனிதர் யார் என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பேன். பெயர் கண்ணில் பட்டதே இல்லை. இங்கிலாந்தில் 1962-இல் வாரப் பத்திரிகையில் அந்தக் கதை வந்த காலத்தில் அங்கேயும் வரைகிறவர் பெயரைப் போடும் வழக்கம் கிடையாதாம்.

அவர் ஸ்பெயின் தேசத்துக்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ என்று நீதான் தேடிச் சொன்னாய். அப்போது எனக்கு ஐம்பது வயது. நாற்பது வருஷமாக ஒருவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அவர் பெயர் தெரியாமல். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ ஒன்றும் சொல்லாமல் ஒரு காகிதத்தில் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதித் தந்தாய்.

ஐயா இருந்தவரை, டைட்டில் ஓடும்போது ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிப்பார், ஒலிப்பதிவு செய்தவர் வரைக்கும். 1947-இல் வந்த 'நாம் இருவர்' இங்கே காரைக்குடியில் எடுத்த படம், ஏவி.எம். ஸ்டூடியோ அப்போது தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது, 1948-இல்தான் கோடம்பாக்கம் போனது. ஐயா சைக்கிளில் போய் வேடிக்கை பார்த்தவர். அந்த ஆட்களை நேரில் பார்த்திருந்ததால் பெயரைத் தாண்டிப்போக அவருக்கு மனசு வராது. நம் ஊர் மனோரமா ஆச்சியைக்கூட நாடக மேடையில் பள்ளத்தூர் பாப்பா என்றுதான் சொல்வார்கள், ஊரும் பேரும் சேர்ந்தே ஏறியது.

போன வாரம் 'விடாது கருப்பு' மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா எடுத்தது. குளம்படிச் சத்தம் கேட்டதும் நீ என் முதுகுக்குப் பின்னால் போய்ப் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொள்வாய், ஆனால் டிவியை நிறுத்தவும் விடமாட்டாய். "இப்ப என்னம்மா, இப்ப என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். பாதிக் கதையை நீ என் வாயால்தான் பார்த்தாய். குதிரை, புழுதி, கொஞ்சம் வெளிச்சம், ஒரு சத்தம். அதற்கே உடம்பு சிலிர்க்கிறது இன்னமும். அப்பத்தாவும் நானும் ஆறு வருஷம் 'கோலங்கள்' பார்த்தோம், அது வேறு மாதிரி, அதில் ஆதியைத் திட்டுவதற்காகவே அப்பத்தா மாலையில் தெம்பாக இருந்தார். இப்போது வருகிற தொடர்களில் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு முகத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். நீ வேலையில் சேர்ந்த புதிதில் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியைப் பற்றிச் சொன்னாயே. அந்தப் புலியைச் செய்த அமெரிக்க நிறுவனம் 2013 பிப்ரவரியில் கடன் தாங்காமல் நீதிமன்றம் போனது, அதே மாதத்தில் அந்தப் படத்துக்கு கிராபிக்ஸுக்கான ஆஸ்கரும் கிடைத்தது. ஐதராபாத்திலும் மும்பையிலும்கூட அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்றாய். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அப்புறம் என்ன ஆனார்கள்? வேறு இடத்தில் சேர்ந்திருப்பார்கள் இல்லையா? வேலை தெரிந்த கை வீணாகாது. அவர்கள் தப்பு ஒன்றும் இல்லையே அதில். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டிருப்பார்களோ என்று நேற்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன வெட்கம்? அப்பா கடை நொடித்தபோது நாம் சாப்பிடவில்லையா? வேளாவேளைக்குச் சாப்பிடு கண்ணு. ராத்திரி விழிக்காதே. மருந்து தீர்ந்திருந்தால் சொல், இங்கேயிருந்து அனுப்புகிறேன்.

நான் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு லீவில் நீ நாற்பது பக்க நோட்டு ஒன்றில் சித்திரக்கதை வரைந்தாய். பழைய வீடுகளை இடிக்கிறவர்களிடமிருந்து தேக்குத் தூண்களைக் கடத்துகிற கூட்டம், அதைக் கண்டுபிடிக்கிற வாட்ச்மேன் மகள். அப்பாவிடம் காட்டவில்லை, அம்மானிடமும் காட்டவில்லை. "உங்களுக்குத்தாம்மா இது தெரியும், பார்த்துச் சொல்லுங்க" என்று என் மடியில் வைத்தாய். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன். முகத்தில் உயிரில்லை, கை சரியாக வரவில்லை, போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்றேன்.

பொய். எட்டாம் பக்கம் முழுக்க மழை. வளவை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி போட்டிருந்தாய். நான்கு கட்டம், ஒரு வார்த்தை கிடையாது. முதல் கட்டத்தில் முற்றத்தில் நாலைந்து துளி. இரண்டாவதில் ஓட்டு விளிம்பிலிருந்து சரம் சரமாக. மூன்றாவதில் அண்டா நிரம்பி வழிகிறது. நான்காவதில் அந்தப் பெண்ணின் கை மட்டும் தூணுக்குப் பின்னாலிருந்து நீண்டு மழையைப் பிடிக்கிறது, உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் குறுக்குக் கோடு போட்டு நிழல் கொடுத்திருந்தாய். அந்தக் கையைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஐந்து விரலிலும் அவள் சந்தோஷம் தெரிந்தது. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நான் வருஷக்கணக்காகப் பார்த்த நிழல், அதைவிட மென்மையாக.

அந்த வாரம்தான் கடை விவகாரம் வெடித்தது. பெரியப்பா வீட்டில் எல்லாரும் கூடிப் பேசினார்கள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ அந்த வழியே போய்விடுவாய், உனக்குச் சோறு கிடைக்காது என்று பயந்தேன். வேண்டாம், படி என்று மட்டும் சொல்லியிருக்கலாம். உனக்குக் கோபம் வந்திருக்கும், சண்டை போட்டிருப்பாய். நான் உன் கையைக் குறை சொன்னேன். சித்திரம் தெரிந்தவள் நான் சொன்னால் நீ நம்புவாய் என்று தெரிந்தே சொன்னேன். நீ நம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நீ சொந்தமாக ஒரு முகம் வரைந்து நான் பார்க்கவில்லை. பதின்மூன்று வருஷமாக யாரோ எடுத்த படத்தில் யாரையோ சுற்றிக் கோடு போடுகிறாய், அதையும் பிசிறில்லாமல் போடுகிறாய். நேற்று கொட்டகையில் கடைசி எழுத்து மேலே போனதும் எனக்கு இதுதான் தோன்றியது. உன் பெயரை அந்தப் பட்டியலில் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் நீயே எழுதிவைத்திருந்த பெயரை எடுத்தவள் நான்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. நீ பழைய பேப்பர்க் கட்டில் போட்டதை, பேப்பர்க்காரர் தராசில் வைப்பதற்கு முன்னால் எடுத்துவிட்டேன். பெட்டகத்தில் பட்டுப்புடவைக்கு அடியில், வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். சீடைப் பார்சலோடு அனுப்பலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை. கூரியரை நம்பி எப்படிக் கொடுப்பது? நீ வந்து எடுத்துக்கொள். முகப்புக்கு மேலே இருக்கிற அறையைச் சுத்தம் செய்து, ஜன்னலோரம் ஐயாவின் கணக்கு மேசையைப் போட்டிருக்கிறேன். காலையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது. நெட் இணைப்பும் அங்கே வரை இழுக்கச் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, எத்தனை மாதம் வேண்டுமானாலும். அப்பாவிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் பூட்டியிருந்த பெட்டகத்தைத் திறக்கிறாள். உள்ளேயிருந்து வெளிச்சம் அவள் தாடையில் விழுகிறது. என்ன பார்த்தாள் என்று காட்டாமல் கீழே 'தொடரும்' என்று எழுதியிருக்கிறாய். இருபது வருஷமாக எனக்கு அதற்கு மேல் தெரியாது. உள்ளே என்ன இருந்தது?

அன்புடன்,
அம்மா

சீடை டப்பாவைத் திறந்து வைக்காதே, நமத்துவிடும். கண்ணுக்கு மருந்து விடு.