சின்னவளுக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? போன் பண்ணினால் "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் போட்டால் நீல டிக் மட்டும் வருகிறது. கடிதமென்றால் நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

மேட்டூர் தண்ணீர் கல்லணை தாண்டி நம் குடமுருட்டிக்கும் வந்துவிட்டது. மேலத்தெருவில் குறுவை நடவு முடிந்தது. நம் வயலை இந்த வருஷம் குத்தகைக்கு விட்டுவிட்டோம். அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். வரப்பில் நடக்க முடியவில்லை அவரால். கால் மரத்துப்போகிறது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. போன தையில் அறுவடையின்போது வாய்க்காலில் விழுந்தவரை ஆட்கள்தான் தூக்கிவந்தார்கள். கூட்டுறவு சங்கத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இத்தனை வருஷமாகப் பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்தார்களே, அது அதுவல்ல. புது நரம்பு டாக்டர் கவனித்துப் பார்த்தார். கை மடியில் சும்மா இருக்கும்போது ஆடவில்லை. டம்ளரை எடுக்கப் போனால்தான் ஆடுகிறது. ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். ஆயுசு முழுக்க வரப்பில் நடந்த மனுஷன், நாலு அடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சிறுமூளைக்குப் போகும் பாதையில் மாற்றம் தெரிந்தது. "வீட்டில் பேரப்பிள்ளைகள் யாருக்காவது பேச்சு வராமல், ஆட்டிசம் மாதிரி இருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா மகன் கவினைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிச்சம் அக்கா உனக்குச் சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்துதான் நீ இப்படி இருக்கிறாய். அது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே.

மீனா, சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடு. ஒரே ஒரு தடவை.

மரபணு ஆலோசகர் அம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்று ஒரு மரபணு. அதன் தொடக்கத்தில் சி.ஜி.ஜி. என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். சாதாரணமாக 44 தடவைக்குள் இருக்கும். 55 முதல் 200 வரை இருந்தால் அவர்கள் கடத்துபவர்கள், அதாவது பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக்கூடியவர்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. 200-ஐத் தாண்டினால் அந்த மரபணு அடங்கிப்போய்விடும், அது செய்யவேண்டிய புரதம் உண்டாகாது. குழந்தையின் மூளையில் நரம்பும் நரம்பும் சேரும் இடத்தில் மற்றப் புரதங்கள் எவ்வளவு உண்டாக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அந்தப் புரதம்தான். அது இல்லாததுதான் கவினுக்கு. ஃப்ராஜைல் எக்ஸ் என்று பெயர். ஒரே மரபணுவால் ஆட்டிசம் வருகிறதென்றால் அதில் அதிகம் காண்பது இதுதானாம். கையைப் படபடவென்று ஆட்டுவது, மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது, முகத்தைப் பார்க்காமல் பேசுவது, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. தாத்தா மாதிரிப் பெரிய காது என்று கொஞ்சினோமே, பெரிய காதும்கூட அதில் ஓர் அடையாளமாம்.

அப்பாவுக்கு அந்த எண்ணிக்கை 94. அவருடைய மரபணு அடங்கவில்லை. அளவுக்குமேல் வேலை செய்கிறது. அதிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ. நகல் கூடிப்போய், வருஷக்கணக்கில் மூளை அணுக்களைக் கெடுக்கிறது. ஒரே மரபணு, குழந்தைக்கு ஒரு விதமாகவும் கிழவருக்கு வேறு விதமாகவும் எப்படி என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்பாதான் சொன்னார்: "மதகு அடைத்துப்போனால் பயிர் காயும், மூடாமலே ஓடினால் அழுகும். ரெண்டும் ஒரே மதகுதான்." டாக்டர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடத்தும் ஆண்களில் ஐம்பது வயதுக்குமேல் 100-க்கு 40 பேருக்காவது இந்த நடுக்கமும் தள்ளாட்டமும் வருமாம். இதை வெளியே கொண்டுவந்ததே ஃப்ராஜைல் எக்ஸ் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள்தான். அமெரிக்காவில் ராண்டி ஹேகர்மன் என்ற டாக்டரிடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள், "என் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, நடக்க முடியவில்லை" என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் கவனித்திருக்கிறார். 2001-இல் எழுதி வெளியிட்டார்கள். நீ இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம். மரபணுவையே 1991-இல்தான் கண்டுபிடித்தார்கள், உன் அக்கா கைக்குழந்தை. யாரும் தெரிந்து செய்யவில்லை என்று அப்பாவிடம் ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார், அவ்வளவுதான். அவர் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி: "சின்னவளுக்கும் போயிருக்குமா?"

போயிருக்கும், மீனா. அப்பாவிடம் இருப்பது ஒரே எக்ஸ். மகளுக்கு அதைத்தான் கொடுக்க முடியும், அதனால் எல்லா மகள்களுக்கும் வரும். மகன் இருந்திருந்தால் வந்திருக்காது. ஆகவே இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ரத்தம் கொடுக்கச் சொல்லவில்லை. எத்தனை என்று தெரிய வேண்டும். அப்பாவிடமிருந்து மகளுக்கு வரும்போது எண்ணிக்கை பெரிதாக ஏறாது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போதுதான் 200-ஐத் தாண்டக்கூடும். 60-க்குக் கீழே என்றால் பயம் குறைவு, 100-க்குமேல் என்றால் ஏறக்குறைய நிச்சயம் தாண்டும். அக்காவுக்கு 97. உன்னுடைய இரண்டு எக்ஸில் எது பிள்ளைக்குப் போகும் என்பது பாதிக்குப் பாதி. நல்ல எக்ஸ் போனால் ஒன்றுமே இல்லை. கெட்டது போனாலும் பெண்குழந்தைக்கு இன்னொரு எக்ஸ் துணைக்கு இருப்பதால் பெரும்பாலும் கடுமை குறைவு.

குடவாசல் அத்தை வீட்டு மணி அத்தானை நினைத்துப் பார். ஆற்றில் பயந்துவிட்டான் என்று வேப்பிலை அடித்தார்கள், மலையாள மாந்திரீகரை அழைத்தார்கள். அப்பாயிக்கும் கடைசி வரை தலை ஆடும், அதை வயசு என்றோம். எல்லாம் ஒரே நூலில் வந்திருக்கிறது. இப்போது கவினுக்கு இது செல்போன் கொடுத்ததால் வந்தது, அம்மா வேலைக்குப் போனதால் வந்தது என்று அவன் அப்பா வீட்டில் சொல்கிறார்கள். அக்கா எதிர்த்துப் பேசாமல் நிற்கிறாள், எனக்கு வயிறு எரிகிறது. வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் சாந்துருண்டை வாங்கிக் கொடுத்தோம், இனியும் போவேன். ஆனால் திருச்சியில் பேச்சுப் பயிற்சிக்கும் கைப்பயிற்சிக்கும் ஒரு வாரம் தவறவிடக் கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். போன வாரம் மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டு "தாத்தா தண்ணி போடு" என்றான். மூன்று வார்த்தை சேர்ந்து வந்தது! அப்பா அவன் போதும் என்கிற வரை மோட்டாரை நிறுத்தவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உனக்குத் தீட்டு மாசாமாசம் ஒழுங்காக வருகிறதா? கடத்தும் பெண்களில் 100-க்கு 20 பேருக்கு நாற்பதுக்கு முன்பே நின்றுவிடுமாம். குடவாசல் அத்தைக்கு அப்படித்தான் ஆனது. நீயோ பிரமோஷன் வரட்டும், வீடு வாங்கட்டும் என்று தள்ளிப்போடுகிறாய். பிள்ளை பெற்றுக்கொள் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது உங்கள் இரண்டு பேர் முடிவு. கருவுற்று 11 வாரம் ஆனபின் நஞ்சுக்கொடியில் துளி எடுத்துப் பார்க்கலாம், உடம்புக்கு வெளியே கரு உண்டாக்கிச் சோதித்து, அப்புறம் வயிற்றில் வைக்கிற முறையும் இருக்கிறது. எதற்கும் முதலில் அந்த எண் தெரிய வேண்டும். தெரியாமல் நாளைத் தள்ளாதே என்பதுதான்.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாயா? அவர் நல்ல பிள்ளை. அவர் அம்மாவிடம் இப்போது வேண்டாம், அவரிடம் மறைக்காதே.

நம் தெருவில் முதலில் இன்ஜினியரிங் படித்த பெண் நீ. உன்னைத் தஞ்சாவூர் பஸ் ஏற்றிவிட அப்பா தினமும் டிவிஎஸ்-50-ல் வருவார், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு. ஊரில் யார் எது கேட்டாலும் "என் சின்னவளைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். அந்த மனுஷனுக்குப் பொங்கலுக்கும் வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை, ஒரு போன்கூட இல்லை. நீ கோபமாக இருக்கிறாய், தன் ரத்தத்தால் உன் வாழ்க்கை கெட்டது என்று வெறுக்கிறாய் என்று அவர் நினைக்கிறார். நீ பயந்துபோயிருக்கிறாய் என்று நான் நினைக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ராத்திரி அவர் எழுந்தால் நானும் எழுந்து பின்னாலேயே போகிறேன். மருந்தால் நடுக்கம் கொஞ்சம் குறையலாம், நோய் நிற்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவரால் உன்னோடு தெளிவாகப் பேச முடிகிற காலம் இது. பேச்சிலும் ஞாபகத்திலும் இப்போதே கொஞ்சம் தடுமாற்றம் வருகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. என்னிடம் பேச வேண்டாம், நேரே அப்பாவிடம் கொடுக்கிறேன். ரத்தம், ரிப்போர்ட் எதுவும் அவரிடம் எடுக்காதே. குத்தகைக்காரன் எந்த நெல் போட்டிருக்கிறான் என்று கேள், அரை மணி நேரம் பேசுவார்.

பெருக்குக்கு மஞ்சள் கயிறும் காப்பரிசிக்கு வெல்லமும் இதோடு அனுப்பியிருக்கிறேன். கயிற்றை அன்று காலையிலேயே மாற்றிக்கொள்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: அப்பாவுடைய, அக்காவுடைய ரிப்போர்ட் நகல்கள் உள்ளே இருக்கின்றன. மரபணு ஆலோசகர் உள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போ. எஃப்.எம்.ஆர்.1 சி.ஜி.ஜி. எண்ணிக்கை என்று பெயர் சொல்லிக் கேள். சும்மா குரோமோசோம் பரிசோதனை என்றால் இது பிடிபடாது. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம்.