“பயப்படாதேங்கோ” என்று சொன்னால் பயம் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒப்பரேஷனுக்கென்று வாட்டில் படுத்திருக்கிற ஒருவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கத்தியைப் பற்றி அவ்வளவாகச் சொல்ல மாட்டார். மயக்க மருந்து தந்தால் திரும்பக் கண் விழிப்பேனா, பாதியில் நினைவு வந்துவிடுமா, முதுகில் ஊசி போட்டால் சாகும்வரை நாரிநோவாமே, இதைத்தான் கேட்பார். கேட்பதும் டொக்டரிடம் இல்லை, பக்கத்துக் கட்டில்காரரிடம்.

என் மாமிக்குப் பித்தப்பையில் கல். டொக்டர் வந்தார், கொப்பியைப் புரட்டினார், “பயப்படாதேங்கோ அம்மா” என்றார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாமி இரவு முழுக்கத் தூங்கவில்லை, காலையில் பிரஷர் ஏறிக் கிடந்தது, ஒப்பரேஷன் தள்ளிப்போனது. அப்புறம் வேறு திகதிக்காகக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கக் காத்திருக்கப் பயமும் கூடும். மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் கூலிவேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வந்து நிற்கிறவர்களின் பாட்டை யார் பார்ப்பது?

வாட்டுகளில் நெரிசல், வேலைக்கு ஆள் காணாது, எல்லாம் தெரியும். ஆனால் நான் கேட்பது பெரிய செலவில்லை. மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் முதல்நாள் பின்னேரம் கட்டிலடிக்கு வந்து, எந்த ஊசி, எங்கே கண் விழிப்பீர்கள், எவ்வளவு நோகும், நோவுக்கு என்ன தருவோம் என்று நோயாளிக்கு விளங்குகிற மொழியில் சொன்னால் போதும். அமெரிக்காவில் 1964இலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். வயிற்றில் ஒப்பரேஷன் செய்யவிருந்த 97 பேரில் ஒரு பகுதியினருக்கு, பிறகு எங்கே நோகும், எப்படி மூச்செடுத்து உடம்பைத் தளர்த்த வேண்டும் என்று மயக்க மருந்து டொக்டர்கள் முன்கூட்டியே விளக்கினார்கள். அவர்களுக்கு வலி மருந்து ஏறத்தாழப் பாதியே தேவைப்பட்டது, வீட்டுக்கும் வேளைக்கே போனார்கள். யாருக்குப் பயம் அதிகம் என்று கண்டுபிடிக்க 1996இல் நெதர்லாந்தில் உருவாக்கிய கேள்வித்தாளில் ஆறே ஆறு கேள்விகள்தான், ஒரு தாதி இரண்டு மூன்று நிமிடத்தில் கேட்டு முடிக்கலாம்.

பட்டினி விஷயமும் இருக்கிறது. மயக்க மருந்துக்கு முன் சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், வெறும் தண்ணீருக்கு 2 மணித்தியாலம் என்பதுதான் பொதுவான விதி (சில நோயாளிகளுக்கு டொக்டர் வேறு மாதிரிச் சொல்லலாம், அது சரி). இங்கே இரவுச் சாப்பாட்டோடு வாயைக் கட்டிவிட்டு மத்தியானம் தாண்டித் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். தொண்டை காய்ந்து, தலையிடித்து, யாரைக் கேட்பதென்றும் தெரியாமல் கிடக்கிற மனுசிக்குப் படபடப்பு வராமல் என்ன செய்யும்? சம்மதப் பத்திரம் அதைவிட மோசம், தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் சிங்களத் தாளை நீட்டி, சிற்றூழியர் ஒருவர் அரைகுறையாகச் சொன்னதை நம்பி ஒப்பம் வாங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

பார்க்க வருகிற நம்மவர்களுக்கும் ஒன்று. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து கட்டிலில் குந்திக்கொண்டு, இன்னார் தியேட்டருக்குப் போய்ப் பிணமாக வந்த கதையை எடுக்காதீர்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.