அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள்: டியூஷன் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடந்த சனிக்கிழமை படிவம் ஐந்து வேதியியல் வகுப்பில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். "இது படிக்கும் இடம், விளையாடும் இடமல்ல" என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே கண்டித்து, உப்புகளைக் கண்டறியும் விளையாட்டுக்காக அவர்கள் கையில் வைத்திருந்த அட்டைகளை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டீர்கள். அந்த அட்டைகள் அவர்களுக்கு வேண்டும் ஐயா. தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

சற்று நேரம் நின்று பார்த்திருக்கலாம். ஒருவர் ஓர் உப்பின், அதாவது ஒரு வேதிச் சேர்மத்தின், பெயரை மறைத்து வைத்துக்கொள்வார். மற்றவர்கள் சோதனைக் கரைசல் அட்டைகளை இறக்கி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இறக்கும் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு புள்ளி குறையும் என்பதால் யோசித்துத்தான் இறக்க முடியும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி அன்று சோடியம் ஐதராக்சைடை இறக்கினாள். வெள்ளை வீழ்படிவு (கரைசலில் கரையாமல் படியும் திண்மம்), அதிகம் சேர்த்தால் கரைகிறது. அப்படியானால் துத்தநாகம், அலுமினியம், ஈயம் மூன்றில் ஒன்று. அடுத்து அம்மோனியா. எவ்வளவு சேர்த்தும் கரையவில்லை, துத்தநாகம் இல்லை. மிச்சமிருந்த இரண்டில் எது என்றறிய பொட்டாசியம் அயோடைடு அட்டையை எடுத்தாள். மஞ்சள் வீழ்படிவு வந்தால் ஈயம். அதை இறக்கும் முன்பே அட்டை அவள் கையை விட்டுப் போய்விட்டது. மலேசியாவில் படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கேட்கப்படும் உப்புப் பகுப்பாய்வு இதுவேதான்.

நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். இந்த விளையாட்டும் நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சிதான்; நம் பிள்ளைகளுக்குத் தேர்வு வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ வேதியியலோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் இவர்கள். நம் பிள்ளைகள் அறிவியல் பாடங்களின் பக்கம் வருவதில்லை என்று மேடைதோறும் வருந்துகிறோம். வந்த பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிய வைக்கிறோம். பழைய வினாத்தாள்களை நகலெடுத்துக் கொடுத்ததைத் தவிர இவர்களுக்கு நாம் செய்தது என்ன?

சொற்கள் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தம்தான் தொந்தரவு என்றால், பக்கத்து அறை வகுப்பு முடிந்த பிறகு விளையாடுகிறோம். வரும் சனிக்கிழமைக்குள் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தை மீள்பார்வை விளையாட்டுக்கு ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் ஒருவர் அன்று வந்து உட்கார்ந்து பார்த்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு