பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

பாப்பா,

முழங்காலுக்கு ஸ்கேன் எடுத்தாயா? முதலில் அதற்குப் பதில் எழுது. அம்மாவிடம் “பரவாயில்லைம்மா” என்றாயாம். ஏழாம் வகுப்பில் கட்டைவிரல் நகம் பெயர்ந்து, சாக்ஸ் முழுக்க ரத்தத்தோடு வந்து நின்றபோதும் இதையேதான் சொன்னாய். உன் ‘பரவாயில்லை’யை நான் நம்புவதாக இல்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். தம்பி வேலையில் சேர்ந்துவிட்டான், விவரம் அவனே எழுதுவான்.

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்காதே. போனைத் தள்ளி வை. நான் தினமும் நாலைந்து தடவை பார்க்கிறேன், அது வேறு. கடைசிச் சுற்று. உனக்கு முன்னால் இரண்டாவதாக ஓடுகிற பெண் தள்ளாடி விழுகிறாள். நீ அவளைத் தாண்டிப் போகிறாய். நாலு எட்டு. பிறகு திரும்புகிறாய். அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறாய். உன் முதுகில் நம்பர் ஒற்றை ஊக்கில் தொங்குகிறது. அங்கே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மற்றவர்கள் உங்கள் இருவரையும் தாண்டிப் போனதையும், நீ காலை இழுத்து இழுத்து ஓடி முடித்ததையும் ஒருவரும் காட்டவில்லை. சோக இசை மட்டும் போட்டார்கள்.

2016 ரியோ ஒலிம்பிக்ஸிலும் இப்படித்தான். 5000 மீட்டர் தகுதிச் சுற்றில் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளினும் அமெரிக்காவின் அபி டி’அகஸ்டினோவும் மோதி விழுந்தார்கள். முதலில் எழுந்த அபி, ஹாம்ப்ளினைத் தட்டி எழுப்பினார். சற்று ஓடியதும் அபியின் கால் மடங்கியது, இப்போது ஹாம்ப்ளின் அவருக்காக நின்றார். படம் உலகம் பூரா போனது. அந்த ஓட்டத்தை அபி முடித்தது ஜவ்வு கிழிந்த முழங்காலோடு. இருவருக்கும் இறுதிச் சுற்றில் இடம் கொடுத்தார்கள், அபியால் ஓட முடியவில்லை. பாராட்டுகிறவர்கள் மூன்று நாள் பாராட்டுவார்கள், ஜவ்வு சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் கேட்கிறேன், ஸ்கேன் எடுத்தாயா?

நாலாம் நாள் அந்த விவாத நிகழ்ச்சியில், கேமரா இருந்ததால்தான் திரும்பினாய் என்று ஒருவர் பேசினார். நீ அதைப் பார்த்திருப்பாய் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் பூசான் கடலில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ பாய்மரப் படகுப் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். வேறு பிரிவில் போட்டியிட்ட சிங்கப்பூர்க்காரர் இருவரின் படகு கவிழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பாதையை விட்டு விலகிப் போய் அவர்களைக் காப்பாற்றி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். 22-ஆவதாகத்தான் வர முடிந்தது. நடுவர்கள் அந்தச் சுற்றில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள், விளையாட்டுப் பண்புக்கான கூபெர்டின் பதக்கமும் கிடைத்தது. ஆனால் அந்த நாட்களில் பத்திரிகைகளின் முதல் பக்கம் முழுவதும் இன்னொரு கனடாக்காரர், ஊக்கமருந்தில் சிக்கிய பென் ஜான்சன். அந்த அலைக்கு நடுவே லெமியூ எந்தக் கேமராவைப் பார்த்துத் திரும்பினார்? நீயும் அப்படித்தான் திரும்பினாய். எனக்குத் தெரியும்.

போனைத் தள்ளி வை. தூங்கு. காலில் ஐஸ் வை.

பதினாறு நாளாக அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஏன் பேசுவதில்லை என்று தெரியாதவன்போல் இவ்வளவு நேரம் முழங்காலைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, “எதுக்கும்மா நின்ன? வெள்ளி போச்சே.” நீ அடிபட்டிருந்தாய் என்பதுகூட எனக்கு மறுநாள்தான் தெரியும். விஸ்வநாத் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! 1980 பம்பாய் டெஸ்டில், நடுவர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டு ஆடவைத்த கேப்டன். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள், நாம் பத்து விக்கெட்டில் தோற்றோம். “தோத்தாலும் மனுசன்யா” என்று ஒவ்வொரு தடவையும் முடிப்பேன். நீ அதை நம்பி வளர்ந்தாய். என் மகள் அதையே செய்த அன்று, எனக்குப் பதக்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்கு மேல் ஒன்று. வீடியோ பரவிய பிறகு சேனல்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சட்டைக் காலரில் மைக்கை மாட்டி, உன் கோப்பையைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். “பதக்கத்தைவிட மனுசங்கதான் முக்கியம்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லித்தான் வளர்த்தேன்” என்றேன். வெளிச்சம் போதவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார்கள். இன்னொரு முறையும் சொன்னேன். முந்தின நாள் உன்னைத் திட்டிய அதே வாயால். அதை நீ பார்த்தாய் என்று அம்மா சொன்னாள்.

2012-இல் ஸ்பெயினில் ஒரு கிராஸ்கன்ட்ரி ஓட்டத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணி முன்னாலேயே நின்றுவிட்டார் கென்யாவின் ஏபெல் முத்தாய். பின்னால் வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனயா அவரை முந்தாமல், வழிகாட்டி முதலாவதாக வரவைத்தார். இவானின் பயிற்சியாளர் மார்ட்டின் ஃபிஸ், தானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று பத்திரிகையிடமே சொன்னார். படித்தபோது அவர் மேல் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அவர் என்னைவிட நேர்மையானவர். மனசில் இருந்ததை மறைக்கவில்லை.

போன வாரம் அந்த நிருபரைக் கூப்பிட்டேன். நான் சொன்னது உண்மையில்லை, திருத்திப் போடுங்கள் என்றேன். “அந்த ஸ்டோரி முடிஞ்சுபோச்சு சார்” என்றார். அதனால் உனக்கு எழுதுகிறேன். நான் சொல்லி நீ நிற்கவில்லை. நீயாகத்தான் நின்றாய்.

விழுந்த பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது? எல்லாச் செய்தியிலும் அவள் வெறும் ‘சக வீராங்கனை’. அவள் பெயரைக்கூட நான் உன்னிடம் கேட்கவில்லை. எழுது. ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அனுப்பு.

அப்பா