வாஷ்பேசின் வடிகுழாயைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவில் கை கழுவும் வாஷ்பேசினே நோய் பரப்பக்கூடும். அதன் அடியில் 'யூ' வடிவில் வளையும் குழாயில் எப்போதும் நீர் தேங்கியிருக்கும். உட்சுவரில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிகின்றன. மீந்த குளுக்கோஸ், பால், தேநீரை அதில் ஊற்றினால் அவற்றுக்கு அது விருந்து. படலம் நாளொன்றுக்குச் சுமார் 2.5 செ.மீ. மேலேறி வடிகால் துளையை எட்டிவிடும். தண்ணீர் நேராகத் துளையில் விழுந்தால் தெறிக்கும் துளிகள் ஒரு மீட்டர் வரை போகும். 2004-2006இல் டொராண்டோ மருத்துவமனை ஒன்றில் 36 நோயாளிகளுக்கு சூடோமோனாஸ் பரவியதற்குக் காரணம் இந்தத் தெறிப்புதான்.

பிளீச்சை வாளி வாளியாக ஊற்றிப் பயனில்லை. நொடிகளில் ஓடிவிடும், சுவரின் மேற்பகுதியில் படுவதே இல்லை. நுரைக்கும் கிருமிநாசினி சுவரில் ஒட்டி நின்று வேலை செய்யும். ஆனாலும் சில நாட்களில் படலம் திரும்பும் என்பதால் விடாமல் தொடர வேண்டும். வளைகுழாயையே மாற்றினாலும் அப்பாலுள்ள குழாயிலிருந்து மீண்டும் வந்து சேரும்.

தண்ணீர் துளைமேல் விழாமல் பேசினின் சரிவில் விழும்படி குழாயை அமையுங்கள். மருந்து கலக்கும் மேசை ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். இடமில்லையென்றால் நடுவில் தடுப்பு வையுங்கள். துடைக்கும்போது முதலில் குழாயின் கைப்பிடி, பிறகு தொட்டி, கடைசியில்தான் துளை. துளையைத் தொட்ட துணி வேறெங்கும் படவே கூடாது. மீந்த திரவங்களைக் கொட்ட வேறு தொட்டி ஒதுக்குங்கள்.

– மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புப் பணியாளர்கள்