மடக்குக் கத்தியின் பூட்டு ஒட்டினால் அரத்தை எடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த விலை உயர்ந்த மடக்குக் கத்தியின் பூட்டு ஒட்டிக்கொள்கிறது, மூடுவதற்குள் கட்டைவிரல் நோகிறது என்று ஒரு வாசகர் உங்கள் கேள்வி-பதில் பகுதியில் எழுதியிருந்தார். "பூட்டில் எண்ணெய் விடுங்கள், சரியாகாவிட்டால் மெல்லிய அரத்தால் இரண்டு இழு இழுங்கள்" என்று அதற்குப் பதில் வந்திருந்தது. எண்ணெய் விடுவதால் பலன் இல்லை. அரத்தால் இழுத்தால், வேலையின் நடுவே விரல்மேல் மடங்கிவிடக் கூடிய கத்தியாக அது மாறிவிடும். யாரும் அரத்தை எடுப்பதற்கு முன் இந்தக் கடிதம் வெளியாக வேண்டும் என்று விரும்புகிறோம்.

அந்த வாசகர் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால், கைப்பிடியே பூட்டாக அமைந்த வகைக் கத்தி அது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் பாய்சி நகரில் குடியேறிய கிறிஸ் ரீவ் தமது செபென்சா கத்தியில் கொண்டுவந்த அமைப்பு. செபென்சா என்றால் சூலு மொழியில் வேலை என்று பொருள். அதற்கு முன்பே, 1980-களில், மைக்கேல் வாக்கர் கைப்பிடிக்குள் மெல்லிய தகடு ஒன்றை வைத்துச் செய்த பூட்டும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். கைப்பிடியின் இரண்டு டைட்டானியப் பலகைகளில் ஒன்றை நீளவாக்கில் கீறி, ஒரு பட்டையை வில்போல உள்நோக்கி வளைத்துவிடுகிறார்கள். அலகு முழுக்கத் திறந்ததும் அந்தப் பட்டை பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது.

கதவடியில் செருகும் ஆப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் நுனியும் அலகின் அடிமுகமும் சந்திக்கும் இடம் நேராக இருக்காது, சாய்வாக இருக்கும். பெரும்பாலான கத்திகளில் அந்தச் சாய்வு 7 முதல் 9 பாகைக்குள் அமைகிறது. சாய்வு கூடினால் அழுத்தம் வரும்போது பட்டை நழுவிவிடும், குறைந்தால் இறுகிக்கொள்ளும். பட்டையை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பது உராய்வுதான். இந்தப் பூட்டுக்கு ஓரளவு பிடிப்பு வேண்டும் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். பிடிப்பை அறவே ஒழித்தால் பூட்டும் போய்விடும்.

அப்படியானால் ஒட்டுவது ஏன்? உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் அலகின் எஃகு 59, 60 வரை இருக்கும். டைட்டானியக் கலவை 36-ஐ ஒட்டித்தான் இருக்கும். டைட்டானியத்தின்மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. ஆப்புபோல இறுகும் அழுத்தத்தில் அது கிழிந்துவிடுகிறது, அடியிலுள்ள வெற்று உலோகம் எஃகின்மேல் அப்பிக்கொள்கிறது. பத்து மடங்கு லென்ஸில் அலகின் அடிமுகத்தைப் பாருங்கள். பளபளப்பான எஃகின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு தீற்றல், விரலில் பட்ட அலுமினியப் பாத்திரக் கறைபோலத் தெரியும். அது டைட்டானியம். அது வந்தபின் டைட்டானியத்தோடு டைட்டானியமே உரசுகிறது. ஒட்டும் குணம் அங்கேதான் மோசமாகிறது. பட்டையைத் தள்ளும்போது வழுவழுவென்று விலகாமல், கொஞ்ச நேரம் அடம்பிடித்து "டக்" என்று விடும். அந்தச் சத்தம்தான் அடையாளம்.

இந்த அழுத்தத்துக்கு நடுவே எண்ணெய் தங்காது, பிதுங்கி வெளியேறிவிடும். வெளியேறிய எண்ணெய் சட்டைப்பையின் பஞ்சையும் தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் இன்னும் தவறு. 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும், நாள்பட்டால் பிசுபிசுக்கும். அலகு சுழலும் அச்சுக்கு எண்ணெய் வேண்டுமானால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பூட்டின் முகத்துக்கு எண்ணெய் தேவையே இல்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். இப்போதே ஒட்டிக்கொண்டு நிற்கும் கத்தியை விடுவிப்பது முதல் வேலை. அலகைத் தடித்த துணியிலோ தோலிலோ சுற்றி, வெட்டும் விளிம்பின் பக்கம் விரல் படாமல் இரண்டு தட்டைப் பக்கங்களையும் பிடித்து, முதுகுப் பக்கமாக, அதாவது இன்னும் திறக்கும் திசையில், இலேசாக அழுத்துங்கள். பட்டைமேல் இருக்கும் சுமை குறையும். அந்த நேரத்தில் பட்டையைத் தள்ளினால் விலகிவிடும். கட்டைவிரலுக்குப் பலம் போதவில்லை என்றால் பென்சிலின் அடிப்பக்கம்போல ஒரு மரக்குச்சியால் தள்ளுங்கள். திருப்புளியை நுழைத்து நெம்பாதீர்கள், குறடால் அலகைப் பிடிக்காதீர்கள். ஒட்டிய பூட்டில் உண்மையான ஆபத்து அது விடும் கணத்தில்தான் இருக்கிறது. பலம் போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும்போது திடீரென்று விட்டால் அலகு தானாக விழும். விரல்கள் அதன் பாதையில் இருக்கக் கூடாது.

அடுத்து, எப்போது ஒட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு கைகளாலும் அலகை மெல்லத் திறந்து, பட்டை தானாக வந்து உட்காரட்டும். அப்போது எளிதாக விலகி, வீசித் திறக்கும்போது மட்டும் ஒட்டினால் கத்தியில் பழுது இல்லை. வீச்சின் வேகம் ஆப்பை ஆழமாக அடித்துச் செருகுகிறது, அவ்வளவுதான். வெட்டி முடித்த பிறகு மட்டும் ஒட்டினால் கைப்பிடியைப் பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். இந்த வகையில் பூட்டே கைப்பிடியின் வெளிப்பக்கம் என்பதால், இறுக்கிப் பிடிக்கும் விரல்கள் பட்டையை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும்.

மெல்லத் திறந்தாலும் ஒட்டுகிறதா? சுத்தம் செய்யுங்கள். கத்தியைக் கழற்ற வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பட்டை நுனியையும் அலகின் அடிமுகத்தையும் பஞ்சில் கறை வருவது நிற்கும் வரை துடையுங்கள். பழப்பிசின், ஒட்டுநாடாவின் பசை, காய்ந்த எண்ணெய் என்று பாதிக் கத்திகள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும். பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் அடிமுகத்தை நன்றாகத் தேய்த்தால் இலேசான தீற்றலும் போகும்.

அதன்பின் மார்க்கர் சோதனை. அலகின் அடிமுகம் முழுக்கப் பர்மனன்ட் மார்க்கரால் கறுப்பாகப் பூசி, இரண்டு நிமிடம் காயவிட்டு, முப்பது முறை மெல்லத் திறந்து மூடுங்கள். எங்கே மை அழிந்திருக்கிறதோ அங்கேதான் உலோகம் தொடுகிறது. அச்சிலிருந்து தொலைவான கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு கீற்றாக மை அழிந்திருந்தால் பூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள். அச்சுக்கு அருகில் மேல்விளிம்பில் அழிந்திருந்தாலோ, ஊசிமுனைபோல ஒரே புள்ளியில் அழிந்திருந்தாலோ, பொருத்தத்தில் குறை அல்லது தயாரிப்பில் உலோகத்தை வெட்டும்போது விட்ட பிசிறு இருக்கிறது. இந்த மையே ஒரு காய்ந்த மசகாகவும் வேலை செய்யும். பூசியதும் ஒட்டுவது நின்றால் நோய் உராய்வில்தான் என்று உறுதிப்படும். மென்மையான 6பி பென்சிலின் கிராஃபைட்டும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதை நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். ஈரம் படும்போது எஃகோடு சேர்ந்த கிராஃபைட் துருவுக்கு வழி செய்யும். எஸ்35விஎன் போன்ற எஃகில் 14 சதவீதம் குரோமியம் இருந்தாலும் கடற்கரை ஊர்க் காற்றில் அதை முழுக்க நம்ப முடியாது.

புதுக் கத்தியானால் இந்த மையோடு இருநூறு, முந்நூறு முறை மெல்லத் திறந்து மூடுவதே மருந்து. இரண்டு முகங்களும் ஒன்றையொன்று அமுக்கி வழவழப்பாக்கிக்கொள்ளும். அவசரப்படுகிறவர்களுக்கு இது மருந்தாகவே தெரியாது, ஆனால் ஒரு வாரத்தில் சரியாகும் பூட்டுகளே மிகுதி. சில கத்திகளில் பட்டை நுனியில் டங்ஸ்டன் கார்பைடை மின்பொறியால் தூவிக் கடினப்படுத்தியிருப்பார்கள். அந்த முகம் சொரசொரப்பாகத்தான் இருக்கும், பழகக் கூடுதல் நாளாகும். அதைத் தேய்த்து எடுப்பது பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பைச் சுரண்டி எறிவதற்குச் சமம்.

அரத்துக்கு வருவோம். சாய்வு 8 பாகை என்று வைத்துக்கொண்டால், அடிமுகத்தில் 0.05 மி.மீ. குறைந்தால் பட்டை பக்கவாட்டில் சுமார் 0.35 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். 0.05 மி.மீ. என்பது எழுதும் தாளின் பாதிக் கனம். 3.5 மி.மீ. கனமுள்ள அலகில் அந்த 0.35 மி.மீ. நகர்வு பத்தில் ஒரு பங்கு. இரண்டு இழுப்பில் 0.1 மி.மீ. போனால் ஐந்தில் ஒரு பங்கு. பட்டை அலகின் கனத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை ஏறி நிற்பதுதான் நல்ல நிலை. 75-ஐத் தாண்டிவிட்டால் இனித் தேய்மானத்துக்கு இடமில்லை. எதிர்ப்பக்கப் பலகையில் முட்டிவிட்டால் அலகு ஆட ஆரம்பிக்கும். கையால் இழுக்கும் அரம் அந்த 8 பாகையையும் அப்படியே காப்பாற்றாது. 10, 12 என்று ஆகிவிட்டால் பூட்டு ஒட்டாது, உண்மைதான். அழுத்தியவுடன் நழுவவும் செய்யும்.

அப்பிய தீற்றல் ரப்பருக்கு மசியாவிட்டால் மட்டும், 2000 எண் உப்புத்தாளைத் தட்டையான மெல்லிய எஃகுச் சட்டத்தில் ஒட்டி, அடிமுகத்தில் முழுமையாகப் படியவைத்து ஐந்தாறு முறை இழுக்கலாம். தீற்றல் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். பட்டை நுனியில் பிசிறு தென்பட்டால் அதன் கூரான விளிம்பை மட்டும் அதே தாளால் மழுக்கலாம். சமதளத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு முறையும் துடைத்து, மை பூசி, மறுபடி சோதிப்பது அவசியம்.

பூட்டை விட்டுவிட்டு வேறிடத்தில் பார்க்க வேண்டிய பழுதுகளும் உண்டு. அச்சுத் திருகு தளர்ந்திருந்தால் அலகு பக்கவாட்டில் சாய்ந்து, முகங்கள் கோணலாகச் சந்திக்கும். செபென்சாவில் அச்சைச் சுற்றி ஒரு புஷ், அதாவது குழல்போன்ற உலோக உறை, இருப்பதால் திருகை முழுக்க இறுக்கலாம். மற்ற பல கத்திகளில் ஒரு சுற்றின் எட்டில் ஒரு பங்குகூட வித்தியாசம் காட்டும். அவ்வளவாகத்தான் திருப்ப வேண்டும், திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு பொட்டு வைத்தால் மறுபடி தளராது. அலகு முட்டி நிற்கும் குறுக்காணியில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால், அதைக் கால் சுற்றுத் திருப்பிப் புதுப்பக்கத்தைக் காட்டினாலே போதும். பட்டை நுனியில் எஃகுத் துண்டு பொருத்திய கத்திகளில் அந்தத் துண்டின் திருகைப் பாருங்கள். செபென்சா 21-க்குப் பின் வந்த 31-இல் பட்டையில் பதித்த பீங்கான் குண்டுதான் அலகைத் தொடுகிறது. டைட்டானியம் எஃகோடு உரசுவதே இல்லை என்பதால் அதில் ஒட்டினால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம்.

பட்டையை வெளியே வளைத்து இறுக்கத்தைக் குறைக்கும் யோசனையும் சிலருக்கு வரும். பட்டையின் வேரில் உலோகத்தைக் குடைந்து மெல்லியதாக்கியிருப்பார்கள். அளவுக்கு மீறி வளைந்தால் அங்கே விரிசல் விடும், அதை யாராலும் ஒட்டவைக்க முடியாது.

முதுகில் பூட்டு உள்ள பழைய வகைக் கத்திகளுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே பள்ளத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டு பூட்டு பாதியில் நிற்கும். பல்குச்சியால் பள்ளத்தைச் சுரண்டினால் போதும்.

சுத்தம், மை, அச்சு மூன்றையும் பார்த்தபின்னும் ஒட்டினாலோ, மேல்விளிம்பில் தொட்டாலோ, 75 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலோ தயாரித்தவர்களுக்கே அனுப்புங்கள். கழற்றுவதற்கு முன் உத்தரவாதச் சீட்டைப் படிக்க மறக்காதீர்கள். கிறிஸ் ரீவ் நிறுவனம் உரிமையாளர் கழற்றிச் சுத்தம் செய்வதை ஏற்கிறது, வேறு சில நிறுவனங்கள் திருகைத் தொட்டாலே உத்தரவாதம் போயிற்று என்கின்றன. பூட்டின் முகத்தை நீங்கள் தேய்த்திருந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கேள்வி கேட்ட வாசகர் இன்னும் அரம் போடாமல் இருந்தால், ஆல்கஹாலும் மார்க்கரும் வாங்கிக்கொள்ளட்டும். அரம் போட்டிருந்தால், கத்தியைத் திறந்து நிறுத்தி, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து நிதானமாக அழுத்திப் பார்க்கட்டும். தட்டக் கூடாது. பட்டை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அந்தக் கத்தியால் இனி எதையும் வெட்ட வேண்டாம். அரம் போடும் ஆலோசனைக்குத் திருத்தத்தை அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கத்தி பழுதுபார்க்கும் வேலையில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.